மூடிய சுற்று

தொண்ணூற்றேழு. பக்கத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த ஓர் அம்புக்குறி. கைப்பேசியை அணைத்துத் தேர்வு அலுவலகத்துப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் செண்பகவல்லி கடைசியாகப் பார்த்தது அதைத்தான். இப்போது விடைத்தாள் கட்டைப் பிரித்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகும்போதும், பிள்ளைகள் எழுந்து குட்மார்னிங் மேம் என்றதற்குத் தலையை ஆட்டும்போதும், கண்ணுக்குள் அந்த எண்தான் நின்றது. தொண்ணூற்றேழு ஒன்றும் மோசமில்லை. அவளுக்கும் அவள் கணவருக்கும் ரத்தத்தில் சர்க்கரை இந்நேரம் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு அது அங்கேயே நிற்கும். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் நித்திலாவுக்கு நிற்காது. எட்டு வயதில் அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது, அன்றிலிருந்து அவள் சர்க்கரையை யாராவது பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும், விட்டால் ஏறும் அல்லது இறங்கும். அம்பு சாய்வாக இருந்தால் மெதுவாக இறங்குகிறது என்று அர்த்தம், நேர்குத்தாக இருந்தால் வேகமாக. சாய்வாகத்தான் இருந்தது. அவள் பார்த்தபோது சாய்வாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ. எழுபதுக்குக் கீழே போனால் கை நடுங்கும், இன்னும் கீழே போனால் பேச்சு குழறும், அதற்கும் கீழே என்று யோசிக்கும்போதே மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான், அவனுக்கு வினாத்தாளில் ஒரு பக்கம் அச்சு மங்கலாக இருந்தது, அவள் மாற்றிக் கொடுத்தாள். சிவில் பிரிவுத் தேர்வு. சொந்தத் துறைப் பாடத்துக்குக் கண்காணிப்பாளராகப் போடமாட்டார்கள் என்பதால் கருவியியல் துறைப் பேராசிரியையான அவளுக்கு இந்தக் கூடம். மண்ணின் தாங்குதிறனைப் பற்றி அறுபது தலைகள் குனிந்து எழுதத் தொடங்கின. கதவு சாத்தியாயிற்று. மூன்று மணி நேரத்துக்கு இனி அவளும் வெளியே போக முடியாது, எண்ணும் உள்ளே வர முடியாது.

உட்காரவும் முடியாது. கரும்பலகைக்கு மேலே மூலையில் கேமரா இருந்தது. போன பருவத் தேர்வில் முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்த மெக்கானிக்கல் வாத்தியார் ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது, உட்காரக் கூடாதாம் சார் என்று. அதிலிருந்து எல்லோரும் நடக்கிறார்கள். திரைக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா, இல்லை அந்த அறையில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறதா என்று யாருக்கும் தெரியாது, இருந்தும் நடக்கிறார்கள். இந்த சிசிடிவிக்கு குளோஸ்டு சர்க்யூட், மூடிய சுற்று என்று பெயர் வைத்தவன் எந்த அர்த்தத்தில் வைத்தானோ, அவள் பாடம் நடத்தும் மூடிய சுற்று இதுதான், பார், பிழையைக் கண்டுபிடி, திருத்து, மறுபடி பார். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அவள் சூத்திரம் எதுவும் எழுதமாட்டாள், கதை சொல்வாள். இரண்டாம் உலகப் போர், தலைக்கு மேலே விமானம், கீழே பீரங்கி. விமானம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு போய்ச் சேரும்போது விமானம் அங்கே இருக்காது, இருக்கப்போகும் இடத்தைப் பார்த்துச் சுடவேண்டும். ஆனால் அதை ஓட்டுகிறவன் மனுஷன், பயந்தவன், தப்பிக்க வளைந்து வளைந்து ஓட்டுகிறவன். பயந்தவன் எப்படி வளைவான் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்குமா என்று அமெரிக்காவில் ஒரு கணிதப் பேராசிரியர் உட்கார்ந்து யோசித்தார். அவர் போட்ட கணக்கு அந்தப் போரில் பெரிதாக உதவவில்லை. ஆனால் யோசித்துக்கொண்டே போனதில் அவருக்கு ஒன்று பட்டது, பீரங்கி குறி தவறித் திருத்துவதும், மனிதன் தம்ளரை எடுக்கக் கை நீட்டுவதும், உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரே வேலைதான். கிரேக்க மொழியில் படகுக்குச் சுக்கான் பிடிக்கிறவனைச் சொல்லும் வார்த்தையை எடுத்து அதற்கு சைபர்நெட்டிக்ஸ் என்று பேர் வைத்தார். சைபர் கிரைமில் வருகிற சைபரா மேம் என்று யாராவது கேட்பான், அதேதான் என்பாள். அந்தச் சுக்கான்காரனின் பெயர்தான் லத்தீனில் தேய்ந்து கவர்னர் ஆயிற்று, ராஜ்பவனில் இருப்பவருக்கும் நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சுற்றும் இரண்டு குண்டுகளுக்கும் ஒரே பெயர் என்பாள், வகுப்பு சிரிக்கும். பீரங்கியிலிருந்து புறப்பட்ட இந்தப் பார்த்துத் திருத்தும் பின்னூட்டம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளே சில சமயம் வியந்ததுண்டு. குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிற்று, மூளையைப் படிக்கிறவர்களிடம் போயிற்று, கம்பெனி நடத்துகிறவர்களிடம் போயிற்று, கைப்பேசிக்குள் போய் அவள் ஒரு நாள் எதைத் தேடினாளோ அதையே மறுநாள் நூறாகக் காட்டிற்று, கடைசியில் கல்லூரியில் மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் ஃபீட்பேக் படிவமாகவும் வந்து நின்றது. மேம் சொன்னதையே இரண்டு தடவை சொல்கிறார் என்று ஒரு வருஷம் எழுதியிருந்தார்கள். ஒரு தடவை மட்டும் சொன்னாள். அடுத்த வருஷம், மேம் நடத்துவது புரியவில்லை.

தம்ளர். அந்த இடத்தில்தான் கதை எப்போதும் அவளைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். அந்தக் கணிதக்காரரும் அவர் கூட்டாளி ஒருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கேட்டார்களாம், திருத்தம் அளவுக்கு மீறிப் போய் முன்னும் பின்னும் ஆடுகிற நோய் ஏதாவது மனிதருக்கு உண்டா என்று. உண்டு என்றார் அவர், சிறுமூளை பழுதானவர்களுக்குச் சும்மா இருக்கும்போது கை நடுங்காது, தம்ளரை எடுக்கப் போனால்தான் நடுங்கும், கை தாண்டிப் போகும், திரும்ப இழுப்பார்கள், இந்தப் பக்கம் தாண்டும், கடைசியில் தண்ணீர் சட்டையில். பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தால்தான் நடுக்கம். இதைச் சொல்லும்போது அவள் மேசைமேல் இருக்கும் தண்ணீர்ப் புட்டியை எடுத்து நடித்துக் காட்டுவாள். தாமதம், அதிகப்படியான திருத்தம், இந்த இரண்டும் சேர்ந்தால் போதும், எந்த நல்ல சுற்றும் ஆட ஆரம்பித்துவிடும். எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும். தொண்ணூற்றேழு, சாய்வம்பு. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியவில்லை, விடுதியில் வெள்ளிக்கிழமை பூரியா பொங்கலா, பொங்கல் என்றால் மெதுவாக ஏறும், பூரி என்றால் இன்னும் மெதுவாக, எண்ணெய் ஏறவிடாது, ஏறாமல் இருக்கும்போது இடுப்பில் மாட்டிய பம்ப் முந்திக்கொண்டு இன்சுலினைக் கொடுத்திருந்தால் இறங்கும். அதனால்தான் இறங்குகிறதா. இரண்டாவது மாடி வகுப்புக்குப் படியேறியிருந்தாலும் இறங்கும். கோபமாக இருந்தால் ஏறும். கோபமாக இருந்தால் ஏறவேண்டும், அப்படியானால் இறங்குகிறது என்பது நல்ல அறிகுறியா, கோபம் தணிந்துவிட்டதா. சன்னல் ஓரத்துப் பையன் கூடுதல் தாள் கேட்டான், கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள், கையெழுத்து அவளுடையதைப் போலவே இல்லை.

நித்திலாவின் எட்டு வயதில், மதுரையில் ஒரு மருத்துவர் வெள்ளைத் தாளில் படம் வரைந்து காட்டினார், இது கணையம், இது வேலையை விட்டுவிட்டது, இனி வெளியிலிருந்துதான் கொடுக்கவேண்டும். கணவர் கோமதிநாயகம் மின்வாரியத்துக்காரர், மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாததால் அழ முடிந்தது. செண்பகவல்லிக்கு உடனே புரிந்துவிட்டது. அளக்கிற உறுப்பும் திருத்துகிற உறுப்பும் போய்விட்டன, சுற்று திறந்து கிடக்கிறது, அதை மூட இன்னொன்று வேண்டும். நான் இருக்கிறேன் என்று நினைத்தாள். அவ்வளவு எளிதாக நினைத்தாள், வீட்டில் பழுதான மோட்டாருக்கு வேறு மோட்டார் மாட்டுவதைப் போல. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு என்பது சோறாக இல்லை. இட்லி எண்ணப்பட்டது, மாம்பழம் நிறுக்கப்பட்டது, பிறந்தநாள் கேக்கின் துண்டை அவள் பார்வையால் வெட்டினாள். பிள்ளையின் விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த மெத்தைபோல ஆயின. அந்த நாட்களில்தான் தமிழில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கல்லூரியில் ஒரு பாடக்குறிப்பு தயாரித்தார்கள், கட்டுப்பாட்டுப் பகுதியை அவளிடம் கொடுத்தார்கள். பின்னூட்டம், பின்னூட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதிக்கொண்டிருந்த ஒரு மதியம் அந்தச் சொல்லுக்குள் ஊட்டு என்பது இருப்பது கண்ணில் பட்டுப் பேனா நின்றது. எதிரே நித்திலா தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், ஊசி போட்டாயிற்று, மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கட்டும் என்று அம்மாதான் காக்க வைத்திருந்தாள், ஆறுகிற தோசையைப் பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா சாப்பிடட்டுமா. இரு. இப்பவா. இரு கண்ணு. ஊட்டுகிறவளே சாப்பிடவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிற வீட்டில் ஊட்டு என்ற சொல்லுக்கு என்ன பொருள். அன்றைக்கு அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதப் பார்த்தாள். வேறு சொல் கிடைக்கவில்லை.

பிறகு கருவிகள் வந்தன. மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வட்டம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்கு அனுப்புவது. இடுப்பில் ஒரு பம்ப், அந்த எண்ணைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது. மூடிய சுற்று என்றுதான் அதன் அட்டைப் பெட்டியிலும் போட்டிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதைப் போல ஒன்று. ஆனால் எண்ணைப் பகிர்ந்துகொள்ள வசதி இருந்தது, மகள் எங்கே இருந்தாலும் அம்மாவின் கைப்பேசியில் அது வரும். மகள் கோயம்புத்தூருக்குப் போனாள், எண் இங்கே கோவில்பட்டியில் அம்மாவிடம் இருந்தது. சமையலறையில் மசாலா டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசி, வகுப்பில் வருகைப்பதிவேட்டுக்கு மேலே கைப்பேசி, கல்லூரிப் பேருந்தில் மடியில் கைப்பேசி. தென் அமெரிக்காவில் ஒரு தேசம் தன் ஆலைகளையெல்லாம் ஒரே அறையிலிருந்து பார்த்து நடத்த ஆசைப்பட்டு அதற்கென்றே நாற்காலிகள் போட்ட அறை ஒன்றைக் கட்டியதாகவும், ராணுவம் வந்து ஆட்சியைக் கவிழ்த்ததோடு அந்த அறை போய்விட்டதாகவும் வகுப்பில் சொல்வாள், சொல்லும்போது அந்த அறைமேல் அவளுக்கு ஒரு ஏக்கம் இருந்தது, எல்லாம் தெரியும்படி ஓர் இருக்கை. எண் இறங்கினால் செய்தி அனுப்புவாள், பிஸ்கட் சாப்பிடு. அதற்குள் பம்ப் தானே இன்சுலினை நிறுத்தியிருக்கும், இவள் சொன்ன பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டு எண் எகிறும். எகிறினால் போன் செய்வாள், என்ன சாப்பிட்டே. பம்ப் கூடுதலாகக் கொடுக்கும், நித்திலாவும் பயந்து நாலு சுற்று நடப்பாள், எண் பள்ளத்துக்குப் போகும். ஒரே சுற்றில் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகளை மாட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்று முப்பது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவளுக்கு அது தெரியாமலா இருந்தது. தெரிந்தது. தெரிந்துகொண்டே அனுப்பினாள். கோமதிநாயகம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், துணைமின் நிலையத்தில் கோளாறு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற ரிலே இருக்கிறபோது ஆளும் ஒருத்தன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றால் இரண்டில் ஒன்றைத்தான் நம்பவில்லை என்று அர்த்தம் என்று. எதை என்று அவள் கேட்கவில்லை. அவரும் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

முதல் வரிசையில் ஒரு பெண் அளவுகோலைக் கீழே போட்டாள், சத்தத்தில் அறுபது தலையும் நிமிர்ந்து குனிந்தது, செண்பகவல்லி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். போன வாரம். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். போன வாரம் ஒரு முற்பகலில் எண் வரவில்லை. எண்ணுக்குப் பதில் இரண்டு சிறு கோடுகள். ஐந்து நிமிஷம், இன்னொரு ஐந்து நிமிஷம், கோடுகள். போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. விடுதி வார்டன் ரோஸ்மேரியை அழைத்தாள், என் பிள்ளை எங்கேயோ மயங்கிக் கிடக்கிறாள், தேடுங்கள் என்றாள். அப்படித்தான் சொன்னாள், கிடக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. வார்டன் நல்லவள், பதறிப்போய்க் காவலாளியையும் அழைத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். நித்திலா கருத்தரங்கக் கூடத்தில் மேடையில் நின்று தன் ஆய்வறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தாள், கைப்பேசி கீழே தோழியின் பையில், தூரம் அதிகமானதால் எண் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கதவைத் தள்ளிக்கொண்டு வார்டன் வந்து, பாதி வாக்கியத்தில் நின்ற பிள்ளையின் வாயில் குளுக்கோஸ் பொடியைத் திணிக்கப் போயிருக்கிறாள். இருநூறு பேர். தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று தோழிகள் இரண்டு பேரைத் தவிர அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து நாள் பேசவில்லை. எண் மட்டும் வந்துகொண்டிருந்தது, பேசாத மகளின் எண், ஏறி இறங்கி ஏறி. செண்பகவல்லி அந்த எண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு நித்திலாவே அழைத்தாள், அழவில்லை, சத்தம் போடவில்லை, தயாராக எழுதிவைத்து வாசிப்பதைப் போலப் பேசினாள்.

"அம்மா, எனக்கு ஒரு பம்ப் இருக்கு. அதுக்கு மேல நீ ஒரு பம்ப். நடுவுல நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

உன் உயிர்மேல இருக்கிற பயத்துலதானே என்று தொடங்கியவளை மகள் முடிக்க விடவில்லை.

"நீ பாக்குறது என்னைய இல்லம்மா. என் நம்பரை. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே."

ஒன்றில்லையா என்று இந்தக் கூடத்தில், மண்ணைப் பற்றி எழுதும் இந்த அறுபது பேருக்கு நடுவே நடந்துகொண்டு செண்பகவல்லி கேட்டுக்கொண்டாள். எண் நாற்பதானால் அவள் இல்லை. எண் இருந்தால்தான் அவள். அப்படியிருக்க ஒன்றில்லை என்று எப்படிச் சொல்கிறாள். மேடையில் வாசித்த அறிக்கை எதைப் பற்றியது என்று இந்த நிமிஷம் வரை தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்கவில்லை. அன்றைக்கு வார்டனிடம் கேட்டது எண் எவ்வளவு என்பதை. ஆனால் கேட்டிருந்தால் மட்டும், இப்போது தொண்ணூற்றேழில் சாய்ந்த அம்பு என்ன ஆகியிருக்கும், மணி என்ன, இந்நேரம் எண்பதா, எண்பதுக்குக் கீழா, பம்ப் நிறுத்தியிருக்கும், நிறுத்தியிருக்கவேண்டும், குழாய் அடைத்துக்கொண்டால், ஒட்டு பிய்ந்துவிட்டால், வியர்வையில் பிய்யும், கோயம்புத்தூரில் இப்போது அவ்வளவு வெயில் இல்லை, இருந்தாலும் பேருந்தில் போயிருந்தால். நடை வேகமானது. பிள்ளைகள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். கேமராவின் நினைவு வந்து மெதுவாக நடந்தாள்.

கதவு திறந்தது. தேநீர் இடைவெளிக்கு மாற்று ஆளாக ஜெபராணி வந்தாள், துறையில் போன வருஷம் சேர்ந்த சின்ன வயதுக்காரி. செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வரிசைகளைப் பார்த்தபடியே தணிந்த குரலில், ஆபீஸ்ல கேட்டா போனைத் தருவாங்க மேம், எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னப்ப குடுத்தாங்க, போய்ட்டு வாங்க என்றாள். கேட்கலாம் என்பதே தோன்றாமல் இத்தனை நேரம் நடந்திருக்கிறோம் என்று இருந்தது. தாழ்வாரத்தில் ஓடக் கூடாது என்று நடந்தாள், நடை ஓட்டமாக இருந்தது. அலுவலக உதவியாளர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கைப்பேசி உயிர்பெற்று வரும் நேரம் எப்போதும் இவ்வளவு நீளமா. திறந்தாள். எண் இருக்கும் இடத்தில் எண் இல்லை, கோடுகளும் இல்லை, நித்திலா பகிர்வதை நிறுத்திவிட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இரண்டு தரம் படித்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள், காலையிலிருந்து வந்த புள்ளிகள் கோடுபோல ஓடி வந்து, தொண்ணூற்றேழில், கீழே திரும்புகிற இடத்தில் முடிந்திருந்தன. அதற்கப்புறம் வெள்ளை. மகளை அழைத்தாள், அணைத்துவைக்கப்பட்டிருந்தது. வார்டனின் பெயர்மேல் கட்டைவிரல் போய் நின்றது. அங்கேயே நின்றது. அழுத்தாமல் கணவரை அழைத்தாள்.

அவர் எடுத்ததும் பின்னால் மின்மாற்றியின் இரைச்சல் கேட்டது.

"நித்திலா நம்பர் வரலைங்க. நிறுத்தி வச்சிருக்கா."

"தெரியும். நேத்து சாயந்திரம் எங்கிட்டப் பேசினா. காலையில கிளாசுக்குப் போகும்போது நிறுத்தப் போறேன்னா. சரின்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னைக்கு ஹாலுக்குப் போயிருக்க மாட்ட. கோயம்புத்தூர் பஸ்ஸுல இருந்திருப்ப."

உங்களுக்காவது எண் வருகிறதா என்று கேட்டாள். எனக்கு என்னைக்கு வந்திருக்கு என்றார், குத்திக்காட்டவில்லை, வருத்தமும் இல்லை, வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, அவ கூப்பிடுவா செண்பகம், நீயா கூப்பிடாதே என்றார். உதவியாளர் பெட்டியை நீட்டினார். அவளாக முடிவு செய்து வைத்தாள் என்று சொல்ல முடியாது. பெட்டி நீண்டது, கை போட்டது.

மறுபடி கூடம். ஜெபராணி போய்விட்டாள், கதவு சாத்தியாயிற்று. முன்பாதியில் இருந்தது ஒரு பயம், இப்போது இருப்பது வேறு. முன்பு எண் எங்கேயோ இருந்தது, இவள்தான் அதனிடம் போகமுடியாமல் இருந்தாள். இப்போது வெளியே போனாலும் அது இருக்காது. இனி அவளிடம் இருக்கும் மகள் எப்போதைக்குமாகத் தொண்ணூற்றேழில் இறங்கிக்கொண்டே இருப்பாள். பீரங்கிக்காரனாவது வானத்தைப் பார்த்தான். வானமே இல்லாதபோது குறி மட்டும் சுழன்றது, படியில் விழுந்து கிடக்கிறாள், இல்லை, கழிப்பறையில், உள்தாழ்ப்பாள் போட்டபடி, இல்லை, கேன்டீனில் தோழிகளோடு எதையோ சாப்பிட்டுச் சிரிக்கிறாள், அப்படியும் ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போயிற்று, பயத்துக்கு இருந்த துல்லியம் அதற்கு இல்லை. சிரிக்கும்போது இப்போதும் கையால் வாயை மூடுவாளா. ஒருவேளை மூடுவதில்லையோ. மகளுடைய சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்ன என்று கேட்டால் செண்பகவல்லி தூக்கத்திலும் சொல்வாள், அவள் சிரிப்பது எப்படி என்று கேட்டால். அந்தக் கணிதக்காரர் போர் முடிந்தபிறகு, ஆயுதம் செய்ய உதவும் எதையும் இனித் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார், தான் தொடங்கிவைத்த இயந்திரங்கள் மனிதரை என்ன செய்யும் என்று கடைசி வரை எச்சரித்துக்கொண்டிருந்தார். அது கதையின் கடைசிப் பகுதி. அதற்குள் எப்போதும் மணி அடித்துவிடும், அவள் வகுப்பில் அந்த இடம் வரை போனதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஓர் இடத்தில் நின்றுவிட்டிருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் நின்றிருந்தாள். அவளுக்குக் கீழே ஒரு விடைத்தாள், அதில் பாதி வரைந்த படம், அதன்மேல் அசையாமல் ஒரு பேனா. எவ்வளவு நேரமாக அந்தப் பேனா நிற்கிறது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே, மேசையைப் பார்த்துக்கொண்டே, பயத்தோடு சொன்னாள்.

"மேம், நீங்க பின்னால நிக்கீங்க. எனக்கு எழுத ஓட மாட்டேங்கு."

நான் உன் தாளைப் பார்க்கவே இல்லையம்மா என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மைதான், மூன்று அடிக்குக் கீழே இருந்த எழுத்தில் ஒரு வார்த்தைகூட அவள் படித்திருக்கவில்லை. மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு விலகினாள். நாலு மேசை தள்ளிப் போனதும் பேனா ஓடும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தாள். அதற்குமேல் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எங்கே நின்றாலும் யாராவது ஒருவருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டியிருந்தது. சன்னலோரம் போய், கூடத்துக்கு முதுகைக் காட்டி, வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த இருசக்கர வண்டிகளைப் பார்த்தாள். கேமரா பார்த்தால் பார்க்கட்டும். முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. அறுபது பேர் எழுதுவதை அவள் பார்க்கவில்லை, அவர்கள் எழுதினார்கள். இது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இல்லை. மூச்சை எண்ணாமல் விடமுடியுமா என்று முயன்று பார்த்தாள், முயன்றதும் மூச்சே சிக்கிக்கொண்டது.

மணி அடித்தது. தாள்களை வாங்கி அடுக்கி, ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, கைப்பேசியை வாங்கிக்கொண்டு கல்லூரிப் பேருந்தில் சன்னலோர இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நீயா கூப்பிடாதே என்று அவர் சொல்லியிருந்தார். புறவழிச்சாலை வரை கூப்பிடாமல் இருந்தாள். சுங்கச்சாவடி தாண்டியதும் விரல் அழைத்துவிட்டது. மணி போய்க்கொண்டே இருந்தது, நிற்கப்போகும் நேரத்தில் எடுத்தாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரே சீராக இரைந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் செண்பகவல்லி.

"எவ்வளவுன்னு கேக்கலையா?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லை மகள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

"சாப்பிட்டேன்மா. பகிர்றதைத் திரும்பப் போட மாட்டேன். உடம்புக்கு ஏதாவதுன்னா நானே சொல்றேன். என்னைய நீ கேட்டுக்கோ."

"சரி," என்றாள். அந்தச் சரியை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தெரியாமலே சொன்னாள். சொன்னபிறகு அடுத்து என்ன கேட்கவேண்டும் என்பதும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக எண்ணைக் கேட்டுக் கேட்டு, எண் இல்லாத ஒரு பேச்சை எங்கே தொடங்குவார்கள் என்பதே மறந்திருந்தது. என்ன அங்க சத்தம் என்றாள். மழைம்மா, செம மழை என்றாள் நித்திலா, வழியெல்லாம் தண்ணி, நாங்க நாலு பேர் ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்துல ஒதுங்கி நிக்கோம். மழை, வழி, தாழ்வாரம். கருவி எதுவும் வருவதற்கு முன்னால், பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் முதலில் குழறுவது ழகரம்தான், மழை மலை ஆகும், பழம் பலம் ஆகும், அதைக் கேட்டுத்தான் அவள் சர்க்கரைத் தண்ணீருக்கு ஓடுவாள். இப்போது மூன்றும் சுத்தமாக வந்தன. எழுபதுக்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் கணக்கு தன்னால் ஓடி முடிந்தபிறகுதான் என்ன செய்தோம் என்பது செண்பகவல்லிக்கு உறைத்தது, முகம் சுட்டது. மகள் சொல்லிக்கொண்டே போனாள், குடை கொண்டுவந்தவள் ஒருத்திதான், அதுவும் கம்பி முறிந்த குடை, நனைந்த நாய் ஒன்று எங்களோடு வந்து நிற்கிறது. பெரிய மழையா என்று அம்மா கேட்டாள். ஆமாம்மா, இப்பதான் இன்னும் வேகமா விழ ஆரம்பிச்சிருக்கு, நீ கேளேன் என்று நித்திலா கைப்பேசியை வெளியே நீட்டியிருக்கவேண்டும், இரைச்சல் பெருகிக் காதை நிறைத்தது. செண்பகவல்லி கைப்பேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மழையைக் கேட்டாள். மகளின் குரல் திரும்பி வரும்போது அதில் அடுத்த ழகரம் எப்படி வருகிறது என்பதற்காகவும் காத்திருந்தாள்.